இடிக்கச் சொன்ன வாய்

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது உன் அண்ணன் சொல்லி எழுதும் கடிதம் இல்லை. எழுதுவது அவருக்குத் தெரியவே தெரியாது. உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தவள் நான். அவரோடு மூன்று வருஷமாகப் பேசாமல் இருப்பது உன் இஷ்டம். என்னோடும் பேச்சை நிறுத்தினாயே, அது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது?

உன் லாரிகள் அந்த ஊரில் நன்றாக ஓடுவதாகக் காகிதக் கடைக்காரர் சொன்னார். சந்தோஷம். இங்கே ஒரு சேதி இருக்கிறது. நீ கேட்டால் சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வாய்க்கால் கரையிலிருந்து உன் லாரி ஷெட்டை எடுத்த பிறகு மேல் தெருக்களில் மழைத் தண்ணீர் நிற்பதில்லை. இதை உன்னிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மை. பள்ளத் தெருவில் மட்டும் இன்னும் முழங்கால் வரை ஏறுகிறது. உன் அண்ணன் ஒவ்வொரு மழைக்கும் குடையைத் தலைக்குப் பிடிக்காமல் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து வருகிறார். வாய்க்கால் நேராகப் போய் ஆற்றில் விழ வேண்டும். நடுவில் ஒரு கட்டடம் மறித்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் அதைச் சுற்றி வளைகிற இடத்தில் அடைத்துக்கொண்டு தெருவுக்குத் திரும்புகிறது.

எந்தக் கட்டடம் தெரியுமா? என் சக்களத்தி. லாட்ஜ்!

இந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் "அவர் லாட்ஜுக்குப் போயிருக்கார்" என்றால், தனியாக ரூம் எடுத்துத் தங்குகிறார் போலிருக்கிறது என்று என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். ஃப்ரீமேசன் லாட்ஜ், கதவைச் சாத்திக்கொண்டு ஏப்ரன் கட்டி உட்கார்ந்து, கல்தச்சர்களின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் முன்னால் வைத்து, மனுஷன் எப்படி நேராக வாழ்வது என்று பேசுகிற ஆண்களின் சங்கம் என்று விளக்கினால், இன்னும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

நகராட்சி இன்ஜினியர் வாய்க்காலை நேராக்க வரைபடத்தில் அந்தக் கட்டடத்தின் நடுவே கோடு போட்டுவிட்டார். லாட்ஜ்காரர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வக்கீல் யார் என்று கேட்கவே வேண்டாம், வக்காலத்தில் உன் அண்ணன் பெயரை அவரைக் கேட்காமலே டைப் அடித்துவிட்டார்கள். பள்ளத் தெருக்காரர்களும் அவரைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் அண்ணி


மே 17

அண்ணிக்கு,

உங்களோடு பேசாமல் இருந்தது தப்புதான். அது மட்டும்தான் தப்பு.

நீங்கள் நினைத்த மாதிரியே சிரித்தேன். கிளீனர் பையன் பயந்து போய் எட்டிப் பார்த்தான்.

என்னிடம் நகராட்சியே எழுதிக் கொடுத்த குத்தகைப் பத்திரம் இருந்தது. திருட்டுத்தனமாகக் கரையில் ஷெட் போட்டவன் இல்லை நான். "பொது வாய்க்கால் கரையைக் குத்தகைக்கு விட நகராட்சிக்கே உரிமை இல்லை" என்று மேல் தெருக்காரர்களுக்காகக் கோர்ட்டில் எழுந்து நின்று சொன்னவர் என் அண்ணன். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை, 'மூன்றாம் எதிர்மனுதாரர்' என்றார். நான் யார் என்றே தெரியாத மாதிரி. இடிக்கிற அன்றைக்கு நான் தனியாக நின்றேன். அப்போதும் அவர் லாட்ஜில்தான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊரில் இருக்கிறவனெல்லாம் அவருக்குச் சகோதரன். கூடப் பிறந்தவன் எதிர்க்கட்சி.

இப்போது என்ன செய்யப் போகிறார் என்று நான் சொல்லட்டுமா? உடம்பு சரியில்லை என்று ஒதுங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் லாட்ஜுக்காகப் பழைய சட்டப் புத்தகத்தில் ஏதாவது ஒரு வரியைத் தோண்டி எடுப்பார். நீதி நியாயமெல்லாம் தம்பிக்குத்தான்.

என் ஷெட்டை இடிக்கச் சொன்ன மாதிரி அந்தக் கட்டடத்தையும் இடிக்கச் சொல்லி அவர் கோர்ட்டில் பேசட்டும். அன்றைக்கு நானே வந்து அவர் முன்னால் நிற்கிறேன். இல்லையென்றால் எனக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உத்தரவுப்படி எழுதிவிட்டேன். இனி நான் எழுத நினைப்பதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாங்க் மேனேஜர், டாக்டர், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், ஆலை முதலாளி. முன்னறையில் நாற்காலி போதவில்லை. கடிகாரக்காரர் உன் அண்ணனின் சட்டப் புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்தார், அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தால் விடுவாரா!

டீ கொடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை, கதவருகே நின்றுகொண்டேன்.

ஆலை முதலாளிதான் முதலில் ஆரம்பித்தார். "முப்பது வருஷம் இந்த லாட்ஜ் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடியிருக்கு. தலைவரா உட்கார வச்சோம். நீங்க எங்களுக்காக நிக்கலைன்னா, அப்புறம் சகோதரன்னு என்ன பேச்சு?"

உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேஸ் தோற்கப் போகிறது என்றால் அப்படித்தான் துடைப்பார், உனக்குத் தெரியும். பிறகு சொன்னார், நான் வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்:

"என் கூடப் பிறந்தவன் ஷெட்டை இடிக்கச் சொன்ன வாய் இது. அவன் சின்னப் பையனா இருந்தப்ப அவனை நான் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கேன். அவனுக்குச் சொன்ன சட்டம் லாட்ஜ் சுவருக்கு இல்லைன்னு இன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டா, அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அவர்தான் உங்க முகத்துலயே முழிக்கறதில்லையே" என்றார் ஆலை முதலாளி.

"ஒருநாள் முழிப்பான். அன்னிக்கு எனக்கு ஒரு முகம் வேணும்."

டாக்டர் மட்டும் டீயைக் குடித்து முடித்தார். போகும்போது கடிகாரக்காரர் உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

வக்காலத்தில் அவர் பெயரை நீக்கிவிட்டு வெளியூர் வக்கீல் ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். உன் அண்ணன் பள்ளத் தெருக்காரர்களுக்காக ஆஜராகிறார். ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நீ எழுதச் சொன்னதை எழுதாமல், எழுதக் கூடாததை எழுதியிருக்கிறேன். கோபப்படு.

உன் அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

கோபப்படவில்லை.

வீட்டு முன்னறையில் சொல்வது வேறு, கோர்ட்டில் சொல்வது வேறு. கேஸ் என்றைக்கு?

தோளில் தூக்கிக்கொண்டு போனது உண்மைதான். ஒருமுறை கீழேயும் போட்டிருக்கிறார். அதைச் சொன்னாரா?

தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுத் தீர்ப்பு வந்தது. பள்ளத் தெரு ஜெயித்தது. லாட்ஜை இடிக்க வேண்டும்.

நான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாதாடி நான் பார்த்தது இதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை உன் கேஸ். அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன், அதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வெளியூர் வக்கீல் கெட்டிக்காரர். "எதிர்த்தரப்பு வக்கீலே இந்த லாட்ஜின் முன்னாள் தலைவர்தான், யுவர் ஆனர். அந்தப் பக்கச் சுவரைக் கட்டுவதற்கான தீர்மானத்தில் முதல் கையெழுத்தே அவருடையது" என்று போட்டார் ஒரு போடு. கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

உன் அண்ணன் நிதானமாக எழுந்தார். "உண்மைதான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். வாய்க்கால் எந்தப் பக்கம் வளையும்னு அன்னிக்கு நாங்க யாரும் யோசிக்கல. ஏன்னா பள்ளத் தெருவுல எங்கள்ல ஒருத்தர்கூடக் குடியில்ல. கட்டச் சொன்னவனுக்குத்தான், அது தப்பான இடத்துல நிக்குதுன்னு சொல்ற கடமை அதிகம்" என்றார். அதற்குமேல் வெளியூர் வக்கீல் பேசியதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை.

பள்ளத் தெருக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் சிரித்துப் பேசி, எல்லோரையும் அனுப்பிவிட்டு, வழியில் எரியாத தெருவிளக்கு ஒன்றைப் பார்த்து, நாளைக்கு மின்சார ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டு, வழக்கம்போலத்தான் வீட்டுக்கு வந்தார்.

அவர் மனசு பட்ட பாடு இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு நினைவிருக்கும், லாட்ஜில் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய வசனங்களை அவர் குளிக்கும்போது ஒப்பித்துப் பார்ப்பார், நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுவார், பெரிய ரகசியமாம். முப்பது வருஷமாகக் கேட்டு எனக்கே முழுவதும் பாடம். அவர் தடுமாறுகிற இடத்தில் எடுத்துக் கொடுக்க நாக்குத் துடிக்கும். இன்று தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் அடுப்படியில் நின்று அழுதேன். அந்தக் கட்டடத்தை எத்தனை நாள் திட்டியிருப்பேன். என் வீட்டுச் சாயங்காலங்களையெல்லாம் தின்றது அது. ஆனால், விதவைகளுக்கு உதவிப் பணம் வாங்கித் தர ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாரே, படிப்பகத்துக்காக வீடு வீடாகப் புத்தகம் கேட்டுப் போய் அவமானப்பட்டாரே, அதற்கெல்லாம் தெம்பை அவர் அங்கேதான் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அது எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்துகொண்டேதான் திட்டினேன்.

லாட்ஜில் அவரை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். இன்று சாயங்காலம் அவர்களுடைய வாசல்காப்பவர் வந்தார். பழைய கட்டடத்தில் கடைசிக் கூட்டம் ஆகஸ்டு கடைசி சனிக்கிழமை. தலைமை ஏற்று நடத்தித் தர வேண்டும் என்று உன் அண்ணனைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆலை முதலாளி மட்டும் வரமாட்டாராம்.

நீ ஒரு வாக்குக் கொடுத்திருந்தாய். நான் நினைவுபடுத்தவில்லை.

உன் அண்ணி


ஜூலை 29

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லாரி ஆபீஸில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. டிரைவர்கள் எல்லாம் இருந்தார்கள்.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். போன வருஷம் நானும் ஃப்ரீமேசன் ஆகிவிட்டேன். இந்த ஊர் லாட்ஜில்.

திட்டுவதற்கு முன்னால் முழுவதும் படியுங்கள். என் அண்ணனை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது என்னதான் என்று பார்க்கப் போனேன். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அவரை இன்னும் நன்றாக வெறுக்கலாம் என்று நினைத்தேன். அங்கே யாரும் யாரையும் வா என்று கூப்பிட மாட்டார்கள், நாமே போய்க் கேட்க வேண்டும். கேட்டேன். விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், குடும்பத்தில் வேறு யாராவது இதில் இருக்கிறார்களா என்றார்.

"அண்ணன் இருக்கார். பேச்சு இல்லை" என்றேன்.

"அப்ப அவரோட லாட்ஜுக்கு நீங்க போக முடியாது, தெரியுமா? மனஸ்தாபம் இருக்கற ரெண்டு பேர் ஏப்ரன் கட்டி ஒரே அறையில உட்காரக் கூடாது. வெளியிலயே பேசித் தீர்த்துட்டுத்தான் உள்ள வரணும். தீரலைன்னா ரெண்டு பேரும் திரும்பிப் போயிடணும். அது எங்க பழக்கம்."

"போக வேண்டிய அவசியம் வராது" என்றேன் தைரியமாக.

உள்ளே என்ன பார்த்தேன் என்று சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். இவ்வளவு சொல்லலாம்: அங்கே நல்லதாகச் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. எங்கே கேட்டேன் என்று யோசித்தேன். கேட்கவில்லை, வீட்டில் பார்த்திருக்கிறேன். அவர் அப்படித்தான் இருந்தார். அந்த எரிச்சலில் பல மாதம் கூட்டத்துக்கே போகவில்லை.

கடைசி சனிக்கிழமை வருகிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம். தகராறு தீராவிட்டால் அவருடைய கடைசிக் கூட்டத்துக்கு அவரே உள்ளே போக முடியாது. அதை நினைத்தால் எனக்கு வரலாமா என்றே தெரியவில்லை.

தம்பி


ஆகஸ்டு 5

தம்பி,

நீயுமா! வாயைத் திறக்காத ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நான் பட்டது போதாதா?

வா. வராமல் இருந்தால்தான் திட்டுவேன். அவரிடம் மூச்சு விடவில்லை. விடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அண்ணி


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு விடிந்ததும் லாரியில் ஏறிப் போய்விட்டாய். நீ கொஞ்ச நேரம் தனியாக அகப்படுவாய், கேட்கலாம் என்றிருந்தேன். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் காகிதக் கடை வாசலில் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையிலும் இல்லை, உன் ஏப்ரன் பெட்டியைக் கதவு மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாய். வாசல்காப்பவர் உன் லாட்ஜ் கொடுத்த சான்றுக் காகிதத்தைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த சடங்குக் கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் அக்குளில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார்.

உன் அண்ணன் வெளியே வந்தார். ஏப்ரன் கட்டியிருந்தார். உன்னைப் பார்த்ததும் ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, வாசல்காப்பவர் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பக்கச் சுவர் ஓரமாகப் போனீர்கள்.

தூறிக்கொண்டிருந்தது. அவர் உன் தலைக்குக் குடை பிடித்தார். நீ நகர்ந்தாய். குடையும் நகர்ந்தது. நீ மறுபடி நகர்ந்தாய். சுவர் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே போனீர்கள், எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அங்கே நகர இடமில்லாமல் நீ நின்றாய். நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். அவர் குடையைப் பிடித்தபடி கேட்டார். மேலே ஜன்னலில் தலைகள். டாக்டர், மேனேஜர், கடிகாரக்காரர், எல்லாக் கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். தலைவர் இல்லாமல் கூட்டம் தொடங்க முடியாது, ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் அவர் ஏதோ சொன்னார். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பிறகு இரண்டு பேரும் உள்ளே போனீர்கள், கதவு சாத்திக்கொண்டது.

என்ன சொன்னார்? கேட்டால் "அது லாட்ஜ் விஷயம்" என்கிறார். பேசியது வெளியே, சுவருக்கு இந்தப் பக்கம். வெளியே பேசியது எப்படி லாட்ஜ் விஷயம் ஆகும்? வாதாடிப் பார்த்தேன், என் கேஸை மட்டும் தள்ளுபடி செய்துவிடுகிறார். நீ தீர்ப்புச் சொல்.

கட்டடத்தை இடிக்கிற நாள் வந்துவிட்டது, பதினைந்தாம் தேதி, திங்கள். லாட்ஜ் இனிமேல் கடிகாரக்காரர் வீட்டு மாடியில் கூடுமாம். அன்றைக்கு இவருக்கு வெளியூரில் கேஸ் இருக்கிறதாம், காலையிலேயே போய்விடுவேன் என்கிறார். நல்லதுதான். அவர் அதைப் பார்க்க வேண்டாம்.

உன் அண்ணி


செப்டம்பர் 6

அண்ணிக்கு,

உங்கள் வாதம் பலமானது. வெளியே பேசியது லாட்ஜ் விஷயம் ஆகாது. சொல்கிறேன்.

மூன்று வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். எதிர்மனுதாரர் என்று சொன்னது, குத்தகைப் பத்திரம், எல்லாம். ஒரு வார்த்தைகூட மறுக்காமல் கேட்டார். கேஸில் அவர் செய்தது சரியா தப்பா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கடைசியில் அதைக் கேட்கவில்லை. அது சரிதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், அண்ணி. மேல் தெருக்களில் தண்ணீர் நின்றதை நானும்தானே பார்த்திருக்கிறேன்.

"கேஸை விடுங்க. ஷெட்டை இடிச்ச அன்னிக்கு ஏன் வரலை? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"இங்கதான்டா இருந்தேன். அந்த மாடி ஜன்னல்ல. காலையிலேருந்து கடைசித் தகரம் இறங்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ தனியா நின்ன. இறங்கி வரலாம்னு படிவரைக்கும் வந்தேன். கால் வரலை."

"வந்திருந்தா உங்களை அடிச்சிருப்பேன்" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்திருப்பேன்.

"தெரியும்டா. அதுக்காகவாவது வந்திருக்கணும்" என்றார்.

அப்போதுதான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டியை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே போனோம். உள்ளே அவர் கூட்டத்தை எப்படி நடத்தினார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எந்த இடத்திலும் தடுமாறவில்லை என்று மட்டும் சொல்லலாம். இப்படி ஒருவருக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டு மூன்று வருஷத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி அவருக்கு எந்த ஊரிலும் எந்தக் கேஸும் இல்லை. நீங்கள் நம்பிவிட்டீர்கள், நான் நம்பவில்லை. காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் நிலையம் வரை போய், சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வருவார். தனியாக நின்று பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமையே புறப்படுகிறேன். அவர் வரும்போது நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், இடித்து முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வருவோம். எத்தனை மணி ஆனாலும் எங்களுக்குச் சாப்பாடு எடுத்து வையுங்கள்.

தம்பி